உரிமம் கோப்புக்குத்தான், பொருளுக்கு இல்லை: திறந்த வன்பொருளும் சிங்கப்பூர்ச் சட்டமும்

ஒரு மின்னணு ஸ்ருதிப் பெட்டியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளை பைக்குள் போட்டுக்கொள்ளும் அளவு. உள்ளே ஓர் இஎஸ்பி32 மாட்யூல் (வைஃபை உள்ள சிறு கணினிச் சில்லு), மேக்ஸ்98357ஏ ஒலிபெருக்கிச் சில்லு, 4 ஓம் ஸ்பீக்கர், ஒரு சின்ன லித்தியம் பேட்டரி, அதைச் சார்ஜ் செய்ய டிபி4056 சில்லு. சிம் லிம் டவரில் ஒரு மத்தியானம் ஏறி இறங்கினால் பாதிப் பாகங்கள் கிடைத்துவிடும். மீதியை ஷென்செனிலிருந்து தருவித்துக்கொள்ளலாம். மின்சுற்றுப் பலகையைக் கிகேட் என்ற வரைவு மென்பொருளில் வரைந்து, உறையை முப்பரிமாண அச்சில் எடுத்து, யாரோ மீட்டிய தம்புராவைப் பதிவுசெய்து ஏற்றி, எல்லாக் கோப்புகளையும் இணையத்தில் போட்டு, அடியில் ‘இது ஓப்பன் சோர்ஸ்’ என்று ஒரு வரி எழுதினால் அது திறந்த வன்பொருள், அதாவது யாரும் எடுத்துச் செய்யவும் திருத்தவும் விற்கவும் கூடிய பொருள் ஆகிவிட்டது, வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள்.

அந்த ஒரு வரியை நம்பி யாரும் காசு போட மாட்டார்கள். பதிப்புரிமை தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். உரிமம் எழுதாத கோப்பு என்றால் ‘எல்லா உரிமையும் எனக்கே’ என்றுதான் பொருள். ‘ஓப்பன் சோர்ஸ்’ என்று சொன்னவர் நாளைக்கு மனம் மாறினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்த வரியில் பதில் கிடையாது.

உரிமம் எழுதிவிட்டாலும் அது எதைக் கட்டும், எதைக் கட்டாது என்பதில்தான் வன்பொருள் மென்பொருளிலிருந்து அடியோடு வேறுபடுகிறது. மென்பொருளில் நிரலும் பொருளும் ஒன்றே. நகலெடுக்காமல் அதைப் பயன்படுத்தவே முடியாது. ஆகவே நகலெடுக்கும் உரிமையைக் கையில் வைத்திருப்பவர் நிபந்தனையும் போடலாம். வன்பொருளில் பதிப்புரிமை இருப்பது வரைபடத்துக்கு, அதாவது கோப்புக்கு. மின்சுற்று எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பதிப்புரிமை இல்லை. உங்கள் பெட்டி ஒன்றைக் கடையில் வாங்கி, திறந்து பார்த்து, மல்டிமீட்டரால் தடம் தடமாகத் தொட்டு, தன் கையால் புதிய ஸ்கீமாட்டிக் (மின்சுற்று வரைபடம்) வரைந்து, புதிய பலகை போட்டு விற்பவர் உங்கள் கோப்பைத் தொடவே இல்லை. உங்கள் உரிமம் அவரைக் கட்டாது. உலகின் மிகக் கண்டிப்பான உரிமத்தைப் போட்டிருந்தாலும் கட்டாது. இதை முதலில் ஏற்றுக்கொண்டால், பின்னால் வரும் முடிவுகள் எல்லாம் எளிது.

யாருக்கு என்ன உரிமை

தமிழில் ஒரு சொற்குழப்பமும் இருக்கிறது. ‘காப்புரிமை’ என்று சிலர் காப்பிரைட்டைச் சொல்கிறார்கள், சிலர் பேட்டன்ட்டைச் சொல்கிறார்கள். இங்கே பதிப்புரிமை என்றால் காப்பிரைட், காப்புரிமை என்றால் பேட்டன்ட்.

சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதே ஆண்டு நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ளது. பதிவேடு எதுவும் இல்லை, கட்டணமும் இல்லை. ஸ்கீமாட்டிக், பலகை வரைபடம், நிரல், கையேடு, ஒலிப்பதிவு என ஒவ்வொன்றும் தனித்தனிப் படைப்பு. ஒரே கோப்புறையில் கிடப்பதால் ஒரே படைப்பாகிவிடாது. தம்புரா மீட்டியவரின் உரிமையும் இங்கே சேர்கிறது. புதிய சட்டம் படைப்பாளருக்கும் நிகழ்த்துகலைஞருக்கும் தம் பெயர் சொல்லப்பட வேண்டும் என்ற உரிமையைத் தந்திருக்கிறது. எனவே மீட்டியவரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள், பெயரைப் போடுங்கள்.

பெட்டியின் வெளித்தோற்றத்துக்கு வேறு கணக்கு. அது பதிவு பெற்ற வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. ஐந்தாண்டு ஐந்தாண்டாகப் புதுப்பித்து அதிகபட்சம் 15 ஆண்டு பாதுகாப்புக் கிடைக்கும். பதிவு செய்யாமல் பதிப்புரிமையையே நம்பியிருந்தால் 50 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வடிவத்தைப் பயன்பாட்டுப் பொருளாக 50க்கு மேல் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தால், அது தொழில்முறைப் பயன்பாடு என்று கருதப்படும். அதன்பின் அதே வடிவத்தில் மற்றவர் பொருள் செய்வதைப் பதிப்புரிமையைக் காட்டித் தடுப்பது கடினம். இரண்டு இசைப்பள்ளிகள் மொத்தமாக வாங்கினாலே 50 தாண்டிவிடும்.

காப்புரிமை 20 ஆண்டுகளுக்கு. ஆனால் கோப்பை வெளியிட்ட அந்த நொடியே கண்டுபிடிப்பு ‘புதியது’ என்ற தகுதியை இழக்கத் தொடங்குகிறது. 2017 அக்டோபர் 30 முதல் சிங்கப்பூரில், கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தாலும் 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க இடம் உண்டு. ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது. ஏதோ ஒரு பகுதிக்குக் காப்புரிமை எடுக்கும் எண்ணம் கடுகளவாவது இருந்தால் முதலில் விண்ணப்பம், பிறகு பதிவேற்றம். எண்ணமே இல்லை என்றால் சீக்கிரம் வெளியிடுவதே பாதுகாப்பு, ஏனென்றால் அதே யோசனைக்கு இன்னொருவர் பின்னாளில் காப்புரிமை கேட்டால் உங்கள் வெளியீட்டை முன்சான்றாகக் காட்டலாம். கோப்பு மாற்றங்களைக் குறித்துவைக்கும் கிட் மென்பொருளின் பதிவுத் தேதியை யாரும் மாற்றி எழுதலாம் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஜெனோடோ இணையக் களஞ்சியத்தில் ஒரு பிரதியை ஏற்றி, டிஓஐ என்ற நிலையான அடையாள எண் வாங்கிவிடுங்கள். செலவில்லை.

சில்லுகளின் உள்ளமைப்புக்கு 1999ஆம் ஆண்டின் தனிச்சட்டம் ஒன்று உண்டு. பெயரில் ‘சுற்று’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டுத் தன் பிசிபிக்கும் (மின்சுற்றுப் பலகைக்கும்) அது பொருந்தும் என்று நம்புபவர்கள் இருக்கிறார்கள். பொருந்தாது, அது ஒருங்கிணைந்த சுற்றுகளுக்கு, அதாவது சில்லுகளுக்கு மட்டுமே.

கடைசியாக, பெயர். ஆர்டுயினோ என்ற பிரபல மைக்ரோகன்ட்ரோலர் பலகைகளின் வடிவமைப்புக் கோப்புகளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பலகை செய்து விற்கலாம். ‘ஆர்டுயினோ’ என்று அச்சிட்டு விற்கத்தான் கூடாது. திறந்த வன்பொருளில் உண்மையில் பல்லுள்ள உரிமை வணிகச் சின்னம்தான் என்பது எங்கள் கணிப்பு. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். உரிமத்தில் எல்லாவற்றையும் தாராளமாகக் கொடுங்கள், பெயரை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த உரிமம்

எழுத்துக்கும் படத்துக்கும் போடும் கிரியேட்டிவ் காமன்ஸ் பகிர்வு உரிமத்தை (திருத்தியதையும் அதே உரிமத்தில் தரச் சொல்வது) பலகைக்கும் போடுவதுதான் பழக்கத்தில் அதிகம். கெட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் இரண்டு ஓட்டைகள். ஒன்று, அது மூலக்கோப்பைக் கொடுக்கச் சொல்வதில்லை. உங்கள் கிகேட் கோப்பை எடுத்துத் திருத்தியவர் கெர்பர் கோப்புகளை (பலகை அடிக்க ஆலைக்கு அனுப்புபவை) மட்டும் அதே உரிமத்தில் வெளியிட்டாலும் நிபந்தனை நிறைவேறிவிட்டது. கெர்பரை வைத்துப் பலகை அடிக்கலாம், திருத்துவது என்பது கட்டிய வீட்டைப் பிரித்துச் செங்கல் எடுப்பதற்குச் சமம். இரண்டு, காப்புரிமையையும் வணிகச் சின்னத்தையும் அது தொடுவதே இல்லை, 4.0 பதிப்பு அப்படித் தெளிவாகவே சொல்கிறது.

வணிகத்துக்குக் கூடாது என்ற துணைவிதியைச் சேர்ப்பவர்களும் உண்டு. அதைச் சேர்த்தால் அது திறந்த வன்பொருளே இல்லை. 2011இல் வெளியான திறந்த வன்பொருள் வரையறை, எந்தத் துறைப் பயன்பாட்டையும் விலக்கக் கூடாது என்கிறது. நடைமுறையிலும் அது சிக்கலைத்தான் கொண்டுவரும். சம்பளம் வாங்கிப் பாட்டுச் சொல்லித்தரும் ஆசிரியை தன் மாணவர்களுக்காகப் பத்துப் பலகை சேர்த்து ஆர்டர் கொடுத்து, ஆளுக்கு 30 வெள்ளி வாங்கினால் அது வணிகமா? பதில் சொல்ல யாராலும் முடியாது. அதனால் யாரும் செய்ய மாட்டார்கள்.

வன்பொருளுக்கென்றே எழுதப்பட்டவை சில. அமெரிக்க ஹாம் ரேடியோ அமைப்பான டிஏபிஆர் 2007இல் ஒன்று வெளியிட்டது. அப்பாச்சி 2.0 என்ற மென்பொருள் உரிமத்தின் மேல் கட்டிய சோல்டர்பேட், சில்லு வடிவமைப்பாளர்களிடையே புழங்குகிறது. மற்றவர்களுக்குப் பொருத்தமானது செர்ன் ஓஎச்எல், அதாவது செர்னின் திறந்த வன்பொருள் உரிமம். 2011இல் தொடங்கி, 2020 மார்ச்சில் இரண்டாம் பதிப்பாக மூன்று வகையில் வந்தது. பி வகையில் அறிவிப்புகளை மட்டும் காப்பாற்றினால் போதும், மாற்றங்களை மூடிவைக்கலாம். டபிள்யூ வகையில் உங்கள் பகுதியில் செய்த மாற்றங்களை மூலக்கோப்போடு வெளியிட வேண்டும், அதோடு இணைத்த தன் சொந்தப் பலகையை மூடிவைக்கலாம். எஸ் வகையில் முழுப் பொருளின் மூலமும் வெளியே வர வேண்டும். மூன்றிலும் காப்புரிமைக்கு அனுமதி உண்டு. இந்த அனுமதி கிரியேட்டிவ் காமன்ஸில் இல்லாதது.

நம் பெட்டியின் ஒலிபெருக்கிப் பகுதியை ஒருவர் எடுத்து மின்னணு ஹார்மோனியத்துக்குள் வைக்கிறார் என்று வையுங்கள். எஸ் என்றால் ஹார்மோனியத்தின் விசைப்பலகை வரைபடம் வரை கேட்கலாம். டபிள்யூ என்றால் அந்தப் பகுதி மட்டும். முழுச் சாதனமாக விற்கப்படும் சின்னப் பெட்டிகளுக்கு எங்கள் தேர்வு டபிள்யூ. எஸ் போட்டால், எடுக்க நினைத்தவர் கோப்பைத் தொடாமல் தானே வரைந்துகொள்வார். முன்னே சொன்னதுபோல் அதற்கு உங்கள் அனுமதி தேவையில்லை. கண்டிப்பு கூடக்கூட ஆட்கள் உரிமத்தைச் சுற்றிப் போகும் வழியைத்தான் தேடுவார்கள்.

‘முழு மூலம்’ என்றால் இஎஸ்பி32இன் சிலிக்கான் வரைபடம் வரை கொடுக்க வேண்டுமா என்று பயப்பட வேண்டாம். ‘கிடைக்கும் பாகம்’ என்றொரு விதிவிலக்கு உண்டு. யாரும் வாங்கக்கூடியதாக, பயன்படுத்தத் தேவையான தகவல் வெளியே கிடைப்பதாக இருந்தால் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலே போதும். சிக்கல் மூன்று இடத்தில் வரும்: ரகசிய ஒப்பந்தம் போட்டால் மட்டுமே டேட்டாஷீட் (தொழில்நுட்பக் குறிப்பேடு) தரும் சில்லு, உங்களுக்காகவே சுற்றிக் கொடுத்த டிரான்ஸ்ஃபார்மர் அல்லது ஸ்பீக்கர், நிரல் ஏற்றிப் பூட்டிய நிலையில் வரும் மைக்ரோகன்ட்ரோலர். நம் எம்ஆர்டி நிலையத்தின் பெயரையே தாங்கி 2014இல் கூட்டு நிதி திரட்டிய நோவேனா மடிக்கணினியை, சிங்கப்பூர்வாசியான ‘பன்னி’ ஆண்ட்ரூ ஹுவாங்கும் ஷான் கிராஸும் வடிவமைத்தபோது, ரகசிய ஒப்பந்தம் இல்லாமல் ஆவணம் கிடைக்கும் பாகங்களையே தேர்ந்தெடுத்தார்கள். உரிமம் எழுதும் நாளில் இதை யோசித்தால் பிந்திவிடும். சில்லைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே யோசிக்க வேண்டும்.

நிரலுக்குச் செர்ன் உரிமம் வேண்டாம். இஎஸ்பி32இன் அடிப்படை நூலகம் அப்பாச்சி 2.0. அதனுடன், மூல நிரலை வெளியிடச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தின் ‘பதிப்பு 2 மட்டும்’ வகை ஒத்துவராது. பதிப்பு 3 ஒத்துவரும், ஆனால் வைஃபை பகுதி மூலமில்லாத இரும நூலகமாக வருவதால் அங்கேயும் தனி விலக்கு எழுத நேரும். நிரலையும் அப்பாச்சியிலேயே வைத்துவிடுவது நிம்மதி. கையேட்டுக்கும் தம்புரா ஒலிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் குறிப்பிடல் உரிமம் சரியாக இருக்கும்.

எங்கே சறுக்கும்

பாகப்பட்டியலில்தான் அதிகம் சறுக்குகிறது. உரிமம் அழகாக இருக்கும், ஸ்கீமாட்டிக்கும் இருக்கும், பாகப்பட்டியலில் ‘ஆர்3, சார்ஜ் ரெசிஸ்டர்’ என்று மட்டும் இருக்கும். டிபி4056இல் சார்ஜ் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது அந்த ஒரு ரெசிஸ்டர்தான். 1.2 கிலோ ஓம் போட்டால் 1 ஆம்பியர்; 5 கிலோ ஓம் போட்டால் சுமார் 250 மில்லியாம்பியர். கடையில் கிடைக்கும் ஆயத்தப் பலகைகளில் பெரும்பாலும் 1.2 கிலோ ஓம்தான் இருக்கும். பட்டியலில் மதிப்பு இல்லாததால் ஒருவர் அதையே போட்டு, நீங்கள் நினைத்திருந்த 500 மில்லியாம்பியர்-மணி பேட்டரியை இணைத்தால், தாங்கக்கூடியதைப் போல இரு மடங்கு வேகத்தில் சார்ஜ் ஆகிச் சூடேறும், உப்பும். ஒவ்வொரு பாகத்துக்கும் தயாரிப்பாளரின் பாக எண், மதிப்பு, சகிப்பளவு (மதிப்பு எவ்வளவு கூடிக்குறையலாம் என்பது), மாற்றாக எதைப் போடலாம் என்ற நான்கும் வேண்டும். கடையின் ஆர்டர் எண் பயன்படாது, அது ஆறு மாதத்தில் செத்துவிடும்.

அடுத்தது இரவல் கோப்புகள். கிகேடோடு வரும் நூலகங்களுக்குத் தனி விலக்கு உண்டு, அவற்றால் உங்கள் வடிவமைப்பு கட்டுப்படாது. பாகத் தளங்களிலிருந்து இறக்கிய ஸ்கீமாட்டிக் சின்னங்களும் தயாரிப்பாளர்களின் முப்பரிமாண மாதிரிகளும் அப்படி இல்லை. பயன்படுத்த விடுவார்கள், நூலகமாக மறுவிநியோகம் செய்ய விடமாட்டார்கள். உங்களுடையது அல்லாததற்கு நீங்கள் உரிமம் தர முடியாது. டேட்டாஷீட்டைப் பார்த்து ஒரு ஃபுட்பிரின்ட் (பாகம் பலகையில் உட்காரும் இடத்தின் வரைபடம்) வரையப் பத்து நிமிடம் போதும், வரைந்துவிடுங்கள். முப்பரிமாண மாதிரியை நீக்கிவிட்டு, எங்கே கிடைக்கும் என்று ரீட்மீ விளக்கக் கோப்பில் ஒரு வரி எழுதுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களும் மாணவர்களும் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். வேலையின் பகுதியாகச் செய்த படைப்பும் கண்டுபிடிப்பும் பொதுவாக முதலாளிக்கே சேரும். பலதுறைத் தொழிற்கல்லூரியின் இறுதியாண்டுத் திட்டம் யாருக்குச் சொந்தம் என்பதைக் கல்லூரியின் அறிவுசார் சொத்துக் கொள்கை சொல்லும். தொழில்கூட்டாளி நிறுவனம் ஒன்று இருந்தால் அந்த ஒப்பந்தமும் சேரும். உரிமத்தின்கீழ் வெளியே போனதைத் திரும்ப அழைக்க முடியாது என்பதால், பதிவேற்றும் முன் மேற்பார்வையாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் ஒப்புதல் வாங்கிவைப்பது நல்லது. வெளியார் திருத்தங்களை ஏற்கும்போதும் இதேதான். ஒவ்வொரு திருத்தமும் அதைச் செய்தவருக்குச் சொந்தம். பிறகு உரிமத்தை மாற்ற நினைத்தால் அத்தனை பேரையும் தேட வேண்டும். திருத்தம் அனுப்புபவர் ‘இது என்னுடையது, இந்த உரிமத்தில் தருகிறேன்’ என்று கையெழுத்து வரி சேர்ப்பதை முதல் நாளே வழக்கமாக்குங்கள்.

பலகையின் முதுகில்

கோப்புறையின் உச்சியில் உரிமங்களின் முழு வாசகங்களுக்கு ஒரு கோப்புறை, ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எந்த உரிமம் என்று சுருக்கமாகச் சொல்லும் எஸ்பிடிஎக்ஸ் அடையாள வரி. கிகேடில் அதை ஸ்கீமாட்டிக்கின் தலைப்புக் கட்டத்தில் எழுதலாம். வரி எழுத இடமில்லாத ஒலிக்கோப்புக்கும் முப்பரிமாண மாதிரிக்கும் அதே பெயரில் பக்கத்தில் ஒரு சிறு உரிமக் கோப்பு.

பலகையின் சில்க்ஸ்கிரீனில் (மேலே அச்சாகும் எழுத்தில்) நான்கு விஷயம் போதும்: உரிமையாளர் பெயரும் ஆண்டும், உரிமத்தின் பெயரும் பதிப்பும், பலகையின் திருத்த எண், மூலக்கோப்பு இருக்கும் முகவரி. எழுத்து உயரம் 1 மில்லிமீட்டருக்கும் கோட்டின் பருமன் 0.15 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் மலிவான ஆலைகளில் மைக்கறையாகத்தான் வரும். செர்ன் உரிமத்தில் இந்த முகவரிக்கு முக்கியத்துவம் உண்டு: குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு எளிதில் கிடைக்கும் என்று நியாயமாக நம்பக்கூடிய இடமாக இருக்க வேண்டும். கல்லூரி மாணவர் கணக்கின் மேகக்கிடங்கு பட்டம் வாங்கியதும் போய்விடும். முகவரியைப் போடும் முன் அதை யோசியுங்கள்.

பற்சக்கரம் போன்ற திறந்த வன்பொருள் சின்னத்தை வரையறைக்குப் பொருந்தும் எவரும் அச்சிடலாம். திறந்த வன்பொருள் சங்கத்தின் சான்றுச் சின்னம் வேறு. இணையத்தில் விண்ணப்பித்து, வன்பொருள், நிரல், ஆவணம் மூன்றுக்கும் உரிமத்தைத் தனித்தனியே காட்டி, எஸ்ஜி என்று தொடங்கும் ஆறு இலக்க எண் வாங்கிய பிறகே அதைப் போடலாம். கட்டணம் கிடையாது.

ஆலைக்குக் கோப்பை அனுப்பினாலே வெளியிட்டதாகிவிடுமா என்று கேட்பார்கள். பிறர் வடிவமைப்பை மாற்றிக்கொண்டிருக்கும் நிறுவனம், தனக்காகச் சோதனையும் மேம்பாடும் செய்யும் வெளி நிறுவனத்திடம் கோப்பைக் கொடுக்கலாம். அந்த நிறுவனம் தனக்கென்று பயன்படுத்தக் கூடாது, வேறு யாருக்கும் தரக் கூடாது என்று ஒப்பந்தம் இருந்தால் போதும். கடமை தொடங்குவது வெளியாளுக்குப் பொருளோ கோப்போ போகும்போது.

விற்பனை வேறு கதை, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இஎஸ்பி32 கம்பியில்லாச் சாதனம், சிங்கப்பூரில் விற்கத் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் பதிவு வேண்டும். சுவரில் செருகும் அடாப்டர் கட்டுப்பாட்டுப் பொருள்களில் ஒன்று, பாதுகாப்பு முத்திரை வேண்டும். அடாப்டரைப் பெட்டியில் வைக்காமல் யூஎஸ்பி வடம் மட்டும் கொடுப்பவர்கள் கஞ்சத்தனத்தால் செய்வதில்லை. ‘எந்தப் பொறுப்பும் ஏற்கவில்லை’ என்ற உரிம வாசகம் கோப்புக்குச் சரி. தொழிலாக விற்ற பெட்டி கவனக்குறைவால் ஒருவரைக் காயப்படுத்தினால், நியாயமற்ற ஒப்பந்த வாசகச் சட்டப்படி அந்த வரியின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

ஒருவர் உங்கள் கோப்பை எடுத்து, பெயரை அழித்து விற்கிறார் என்று சந்தேகம் வந்தால், முதலில் ஒன்றை விலைகொடுத்து வாங்கி, ரசீதோடு இரு பக்கமும் படமெடுங்கள். மின்சுற்று ஒன்றுதான் என்று வாதிட்டால் நிற்காது. அது யாரும் செய்யக்கூடியது. வேலைக்குத் தேவையில்லாதவற்றைத் தேடுங்கள்: காரணமில்லாமல் வளைந்து போகும் தடம், பழைய திருத்தத்தில் மறந்துபோன ஒற்றை வயா (பலகையின் அடுக்குகளை இணைக்கும் துளை), எழுத்துப்பிழையோடு அச்சான பாகப்பெயர். தானே வரைந்தவர் பலகையில் இவை வராது, கோப்பை எடுத்தவர் பலகையில் வரும். அவற்றை வட்டமிட்டு, மூலக்கோப்பையும் அறிவிப்புகளையும் வெளியிடச் சொல்லி ஒரு கடிதம் அனுப்புங்கள். மசியாவிட்டால், 2022 ஏப்ரல் முதல் உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்து வழக்குகளுக்கென எளிய நடைமுறை ஒன்று இருக்கிறது. கோரும் தொகை 500,000 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது. ஸ்ருதிப் பெட்டிக்கு அந்த வரம்பு இடிக்காது.